சோழநாட்டுக் கடற்கரைத் தலங்கள்

பண்டைத் தமிழர் நிலத்தைத் திணைவகையாற் பகுத்தபோது கடலும் அதனைச் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயர் பெற்றன. அந்நிலத்துக்குரிய ஒழுக்கமாக இரங்கலை வைத்தனர். கடல்மேற் சென்றவன் மீளுங்காறும் கரையில் நின்று நோக்குவாள் கொள்ளும் வருத்தமே அவ்விரங்கல். எனினும் நெய்தல் நிலம் வருத்தத்துக்கு மட்டும் உரியதன்று, மகிழ்ச்சிக்கும் உரியது, வழிபாட்டுக்கும் உரியது. இம்மூன்றும் ஒருங்கே விளங்குமிடம் சோழநாட்டுக் கீழ்கரையாகும்.

விடுமுறை நாளில் மனைவி மக்களோடும் முதியோரோடும் கடற்கரைக்குச் சென்று வருதல் இக்காலத்துத் தோன்றிய புதுவழக்கம் என்று கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்துவதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையிலேயே காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் கடலில் ஆடுவதும், உடலிற் படிந்த உப்பு நீங்க ஆற்றிற் குளிப்பதும், நண்டைத் துரத்தி விளையாடுவதும், அலைகளை மிதித்துத் துள்ளுவதும், மணலிற் பாவை செய்து மகிழ்வதும் சொல்லப்பெற்றுள்ளன. இன்று பூம்புகார்க் கரையில் சிறுவர் செய்வன எல்லாம் அன்றும் செய்யப்பட்டனவே.

அவ்விளையாட்டோடு வழிபாடும் பிரியாதிருந்தது. தொண்டைநாட்டுத் திருமயிலையில் மாசித் திங்களில் நிகழ்ந்த கடலாட்டு விழாவைத் திருஞானசம்பந்த சுவாமிகள் பூம்பாவைத் திருப்பதிகத்தில் எடுத்தோதியருளினார். என்பாகிக் கிடந்த பெண்ணை நோக்கி, இவ்விழாக்களைக் காணாமற் போவது தகுமோ என்று வினவுதலே அப்பதிகத்தின் கருத்து. மண்ணிற் பிறந்தார் பெறும் பயன்களுள் விழாக் காண்டலையும் ஒன்றாக நம் பெரியோர் கொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

காவிரி கடலொடு கலக்குமிடத்தினின்று தெற்கே கோடிக்கரை வரையில் ஏறக்குறைய நூறு கல் தொலைவுக்குள் அமைந்த தலங்கள் பல. அவற்றுள் சிலவற்றின் வரலாறு ஈண்டு முறையே கூறப்படும்.

காவிரிப்பூம்பட்டினம்

பல்லவனீச்சரம், திருச்சாய்க்காடு என்னும் இரண்டு பாடல்பெற்ற தலங்கள் இப்பட்டினத்தின் எல்லைக்குள் உள்ளன. மூவர் பாடலும் பெற்ற திருவெண்காடு அண்மையிலுள்ளது. இயற்பகை நாயனார் வாழ்ந்ததும் பட்டினத்தடிகள் பிறந்ததும் இந்நகரமே.

இந்திரவிழாவின் முடிவில் கடலாடச் சென்ற கோவலனும் மாதவியும் கானல்வரி பாடிப் பிரிந்த கதையைச் சிலப்பதிகாரம் கூறும். கடற்கரைக்குச் சென்றவர் பலர். மகிழ்ந்து மீண்டவர் பலர். அன்று பிரிந்தவர் இருவர். அப்பிரிவினின்றே ஒரு காப்பியம் விரிந்தது. அவ்விந்திரவிழாவைக் கொண்டாடாது விட்டமையால் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். 1960-களில் தொல்லியல் துறையினர் நடத்திய அகழாய்வில் கீழையூரில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. பல்லவனீச்சரத்துக்கு அருகே புத்தப் பள்ளியின் சுவடுகளும் கிடைத்தன. 1973-ஆம் ஆண்டில் அமைந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் கண்ணகி கதையைக் கல்லிற் காட்டுகின்றது. நூலைப் படியாத சிறுவரும் அச்சிற்பங்களின் வழியே அக்கதையை அறிந்து கொள்ளலாம்.

தரங்கம்பாடி

பூம்புகாருக்குத் தெற்கேயுள்ள தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் திருக்கோயில் கடலோரத்திலேயே அமைந்துள்ளது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டளவில் எழுந்தது இது. அக்காலத்தே ஊரின் பெயர் சடங்கன்பாடி என்பது கல்வெட்டால் அறியப்படுகின்றது. கரையை அரித்துக்கொண்டு வந்த கடல் இக்கோயிலின் முற்பகுதியைக் கவர்ந்துகொண்டது. எஞ்சிய கருவறையும் அதனைச் சார்ந்த பகுதியும் அலைகளின் எதிரே நெடுநாள் நின்றன. பின்னர்த் திருப்பணியும் நடைபெற்றது.

1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டென்மார்க்கு நாட்டார் இங்கே கோட்டை கட்டினர். 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் பாதிரியார் தமிழ் கற்று, பின்னர் இவ்வூரிலேயே அச்சகம் நிறுவித் தமிழ் நூல்களை அச்சிட்டார். 1845-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு விற்கப்பட்டது. கோட்டை இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பாண்டியர் கோயிலும் டேனியர் கோட்டையும் ஒரே கரையில் நிற்றலின், வரலாற்றுப் பாடத்தைக் கண்ணாற் காண விரும்புவார் தம் மக்களை இங்கே அழைத்து வருதல் நன்று. இவ்வூருக்கு அண்மையிலே காலனை உதைத்த வரலாற்றுக்கு உரிய திருக்கடவூர் உள்ளது. அறுபதாம் ஆண்டும் எண்பதாம் ஆண்டும் நிறைவுற்ற பெரியோர்க்கு மக்களும் பேரரும் சூழ்ந்திருந்து மணவிழா நிகழ்த்தும் தலம் அது. மூன்று தலைமுறையினர் ஒருங்கே செல்லும் செலவுக்கு அதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

காரைக்கால்

பேயுருக் கொண்டு கயிலையைத் தலையால் நடந்து சென்ற காரைக்காலம்மையார் இவ்வூர் வணிகர் குடியிற் புனிதவதியாராய்ப் பிறந்தார். மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன், வாணிகம் செய்வதாகக் கூறிக் கலமேறிப் போனான். பாண்டிநாட்டு ஊரொன்றில் வேறு மணம் செய்துகொண்டான். பிறந்த மகளுக்கு அம்மையார் பெயரையே இட்டான். இங்கும் கடல் ஒரு குடும்பத்தைப் பிரித்ததை நோக்குக. ஆயினும் அப்பிரிவே அம்மையாரைச் சிவபெருமான் திருவாக்கால் அம்மையே என அழைக்கப்பெறும் பேற்றுக்கு உரியவராக்கியது. ஆனித் திங்கள் முழுமதி நாளை ஒட்டி நிகழும் மாங்கனித் திருவிழாவில் மாங்கனிகளை வாரி இறைப்பர். அவற்றை ஏந்திப் பெறுவதற்கு மாடங்களிலும் வீதிகளிலும் குடும்பங்கள் திரண்டு நிற்கும் காட்சி காணத்தக்கது.

நாகைக்காரோணம்

காயாரோகணர் நீலாயதாட்சியம்மையோடு எழுந்தருளிய இத்தலம் ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்று. இங்குள்ள சுந்தர விடங்கரின் ஆடல் பாராவாரதரங்க நடனம் எனப்படும். பாராவாரம் என்பது கடல். தரங்கம் என்பது அலை. கடலலை எழுந்து விழுமாறு போன்ற ஆடல் என்பது பொருள். கடற்கரை ஊரினர் நாளும் கண்ட காட்சியையே இறைவன் கூத்தாகக் கொண்டு வழிபட்டனர் என்பது அறியத்தக்கது.

முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் இங்கே எடுத்த சூடாமணி விகாரத்துக்குச் சோழ மன்னன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரைச் சென்று சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப்பட்டன. வடக்கே நாகூர்த் தர்காவும் தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயிலும் பல சமயத்தாரையும் இக்கரைக்கு ஈர்த்து வருகின்றன.

அறுபத்து மூவருள் ஒருவராகிய அதிபத்தர் இந்நகரை அடுத்த நுளைப்பாடியிற் பிறந்த பரதவர். வலையில் விழும் மீன்களுள் ஒன்றை நாள்தோறும் சிவபெருமானுக்கென்று கடலில் விடுதல் அவர் நோன்பு. ஒரு மீனே கிடைத்த நாள்களிலும் அதனை விட்டுத் தாமும் சுற்றமும் பசித்திருந்தார். முடிவில் பொன்மீன் ஒன்றே அகப்பட்டது, அதனையும் விட்டார். ஆவணித் திங்கள் ஆயிலிய நாளில் இச்செயல் இன்றும் கடலிலே விழாவாக நிகழ்த்தப் பெறுகின்றது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் தமிழகத்திலே மிகுதியாக அழிவுற்றது நாகை மாவட்டமே. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதிபத்தர் மரபினராகிய மீனவர் குடும்பங்கள் பல அடியோடு மறைந்தன. கடலிடம் ஒரு மீனையும் மீதம் வையாது பெற்று, பெற்றதைக் கடலுக்கே விட்ட அடியார் பிறந்த கரையில் நேர்ந்த இத்துயரத்துக்குக் காரணம் காட்டி ஆறுதல் சொல்லல் எளிதன்று. பிழைத்தவர் மீண்டும் படகைத் தள்ளினர் என்பதும், ஆவணி வந்தபோது பொன்மீனை மீண்டும் கடலில் விட்டனர் என்பதுமே அவ்வூரார் தந்த விடை. விளையாட்டாகக் கடலில் இறங்குவோர் அவ்விடையை நினைந்து, அலைக்கு முன் அடக்கத்தோடு நிற்றல் வேண்டும்.

திருமறைக்காடு

மறைகள் வழிபட்டு அடைத்த திருக்கதவைத் திறக்குமாறு அப்பர் சுவாமிகள் பதிகம் பாடினார். அடைக்குமாறு சம்பந்த சுவாமிகள் பாடினார். அதுமுதல் மக்கள் நேர்வாயிலால் உட்புகுந்து வழிபடலாயினர். அடைபட்டிருந்த நெறி எல்லார்க்கும் திறந்ததே இவ்வரலாற்றின் பயன். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் முன்னோர்க்குக் கடன் செய்து கடலாடுவோர் இங்கே பெருந்திரளாகக் கூடுவர். திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவர் பிறந்த ஊரும் இதுவே. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியினின்று இராஜாஜி தலைமையிற் புறப்பட்ட தொண்டர்கள் நடந்து வந்து உப்பெடுத்ததும் இக்கரையிலேதான். வேதாரணியத்து உப்பளங்களைக் காணும் இளையோர்க்கு இச்செய்தியையும் எடுத்துரைத்தல் பெற்றோர் கடமையாகும்.

கோடிக்குழகர்

நிலம் மேற்கே மடங்கும் கோடியில் அமைந்தது கோடிக்கரை. சேரமான் பெருமாளோடு திருமறைக்காட்டைப் பணிந்து அகத்தியான்பள்ளி வழியாக இங்கே வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், ஊரும் உறவும் இன்றிக் கடற்காற்று மோதும் கரையிலே இறைவன் தனித்திருத்தலைக் கண்டார்; கண்ணீர் பெருகிற்று. துணை யார் என்றும், காட்டில் ஆந்தை அலறும்போது அம்மை அஞ்சாளோ என்றும் வினவி ஒரு பதிகம் பாடியருளினார். உலகுக்கெல்லாம் துணையாயினானுக்குத் துணையில்லையே என்று வருந்துதல் தோழமை நெறியில் நின்றார்க்கே இயலும். நெய்தலுக்குரிய இரங்கல் ஈண்டுப் பக்தியாக முதிர்ந்து நின்றது.

1967-ஆம் ஆண்டு முதல் இக்காடு வனவிலங்குப் புகலிடமாகக் காக்கப்படுகின்றது. வெளிமான்கள் இங்கே கூட்டமாக மேய்கின்றன. பனிக்காலத்தில் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் வந்து தங்குகின்றன. அவற்றைக் காணக் குடும்பம் குடும்பமாக வருவோர் ஆயிரவர். ஆனால் பறவையைக் கண்டு திரும்புவோருள் குழகர் சந்நிதியை எட்டிப் பார்ப்பவர் சிலரே. சுந்தரர் வினவிய வினா இன்னும் முழுதும் விடை பெறவில்லை.

அவ்விடையைத் தரவல்லவர் குடும்பத்தோடு செல்வோரே. கரையில் விளையாடும் குழந்தை அந்தி விளக்கு ஏற்றும் நேரத்தில் கோயிலுக்குள்ளும் ஓடி வருமாயின், குழகர்க்கு அதனினும் சிறந்த துணை உண்டோ? திருப்பணி செய்து குடமுழுக்கு நிகழ்த்துதல் கோயிலைப் புதுப்பிக்கும். அடியார் வரவே அதனை வாழ்விக்கும். அடுத்த விடுமுறையில் கடலை நாடிச் செல்லும் அன்பர்கள் கரையோரத்துத் திருக்கோயிலையும் நாடுவாராக. நாடிய குடும்பங்கள் பிரிவின்றி வாழ்க.

திருச்சிற்றம்பலம்.