ஓசோன் தாளும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் முப்பந்தல் வழியாக பஸ்ஸில் போகிறவர் தோள்துண்டைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதும் அதை நம்பித்தான். காற்றில் கலந்திருக்கும் வாயுக்களை அளக்கப் புறப்பட்டவர்களை, காற்றின் வேகம் நூறு வருஷத்துக்கு மேல் அலைக்கழித்த கதை ஒன்று உண்டு. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

அளப்பதற்கு இரண்டு வழி. பம்பு வைத்து இத்தனை லிட்டர் என்று காற்றை இழுத்துச் சோதிப்பது ஒன்று. மருந்து தடவிய தாளையோ குழாயையோ தொங்கவிட்டு, காற்று தானாக வந்து படட்டும் என்று காத்திருப்பது இன்னொன்று. பின்னதற்கு மின்சாரம் வேண்டாம், செலவும் குறைவு.

சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் பேராசிரியராக இருந்த ஷோன்பைன், 1840-இல் ஓசோனுக்குப் பெயர் வைத்தவர். 'மணப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. பொட்டாசியம் அயோடைடும் கஞ்சிப்பசையும் தோய்த்த தாளை வெயிலும் மழையும் படாத இடத்தில் தொங்கவிட்டால் ஓசோன் பட்டு நிறம் மாறும். அந்த நிறத்தைப் பூஜ்யம் முதல் பத்து வரை உள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டு எண் போட வேண்டும். காலரா பரவிய காலம் அது. ஓசோன் நோய்க்காற்றைச் சுத்தம் செய்யும் என்று மருத்துவர்கள் பலர் நம்பியதால், ஐரோப்பா முழுக்க ஊருக்கு ஊர் தாள் தொங்கியது.

நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பழைய பிரெஞ்சு விஞ்ஞானக் கட்டுரை கையில் கிடைத்தால் விடமாட்டேன். ரூவான் நகரத்து ஊஸோ என்ற வேதியியலாளர் இந்தத் தாளை விடாமல் எதிர்த்தார். ஓசோன் இல்லாத வேறு வாயுக்களும் தாளின் நிறத்தை மாற்றும் என்பது அவர் கட்சி. ஈரப்பதமும் எண்ணை மாற்றியது. இவற்றோடு காற்றின் வேகம் சேர்ந்துகொண்டது. பலமாக வீசும் நாளில் தாளை உரசிப் போகும் காற்று அதிகம். ஓசோன் அளவு மாறாமலே நிறம் கறுக்கும். அமைதியான நாளில் தாள் வெளுத்தே நிற்கும். கடற்கரை ஊர்களுக்கு 'ஓசோன் நிறைந்த இடம்' என்று அந்நாளில் கிடைத்த புகழில் ஒரு பங்கு கடற்காற்றின் வேகத்துக்குச் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

குமாஸ்தா பாஷையில் சொன்னால் இது இன்வார்டு பதிவேடு மாதிரி. எத்தனை மனு வந்தது என்று அதில் இருக்கும். ஊரில் எத்தனை குறை இருக்கிறது என்று இருக்காது. பஸ் வசதியுள்ள கிராமத்திலிருந்து மனு அதிகம் வரும். அதை வைத்து அந்தக் கிராமத்தில்தான் குறை அதிகம் என்று மேலிடத்துக்கு எழுத முடியுமா?

பாரிஸின் மோன்சூரி பூங்கா ஆய்வகத்தில் 1876-இல் வேறு வழி பிடித்தார்கள். ஆல்பர் லேவி என்பவரின் பொறுப்பில், அளந்த காற்றை ஆர்சனைட் கரைசல் வழியே இழுத்துச் சோதித்தார்கள். 1910 வரை அந்த வேலை நடந்தது. அந்த ஏடுகளை ஜெர்மன் விஞ்ஞானிகள் இருவர் 1988-இல் மறு கணக்குப் போட்டு, அன்றைய ஓசோன் நூறு கோடியில் சுமார் பத்துப் பங்கு என்றார்கள். இன்று ஐரோப்பிய நாட்டுப்புறத்தில் அதைப்போல் இரு மடங்குக்கு மேல். தாள்களும் ஆயிரக்கணக்கில் தொங்கின, ஆனால் அவற்றிலிருந்து இப்படி நம்பகமான எண்ணை எடுப்பது பெரும்பாடு.

காத்திருக்கும் கருவிக்கு மறுவாழ்வு தந்தவர் அமெரிக்காவின் பால்ம்ஸ். 1976-இல் நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்க அவர் செய்த குழாயின் நீளம் 7.1 சென்டிமீட்டர், உள்விட்டம் 1.1. ஒரு முனை மூடியிருக்கும், அதனுள்ளே மருந்து பூசிய கம்பி வலை. மறுமுனை திறந்திருக்கும். ஃபேன் போடாத அறையிலும் ஊதுபத்தி மணம் மெல்லப் பரவுகிறதே, அப்படி வாயு குழாய்க்குள் தானாக ஊர்ந்து வலையை அடைய வேண்டும். தூரம் தெரியும், ஊரும் வேகமும் தெரியும். ஆகவே கணக்குப் போடலாம். எளிமையான யோசனை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது.

அப்படியும் காற்று விடவில்லை. பலமாக வீசினால் குழாய் வாயில் சுழல் உண்டாகும். வெளிக்காற்று ஒரு சென்டிமீட்டர் உள்ளே புகுந்துவிட்டால் வாயு ஊர வேண்டிய தூரம் 6.1 ஆகிவிடும், முடிவு சுமார் 16 சதவீதம் கூடிப்போகும். அதனால் வாயில் மெல்லிய சவ்வு கட்டுகிறார்கள், அல்லது பெட்டிக்குள் மறைத்து வைக்கிறார்கள். சட்டையில் குத்தும் தட்டையான வில்லைகளுக்கு நேர்மாறான தொல்லை. காற்றே அசையாத அறையில் வில்லையின் முகத்தருகே உள்ள வாயு தீர்ந்துபோய், முடிவு குறைந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. இரும்பு அரிப்பை ஆராய்கிறவர்களுக்குக் காற்றின் வேகமும் கணக்கில் சேர்ந்தால்தான் நல்லது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்துப் பார்த்தது. கடற்காற்றின் உப்பை அளக்க உலகெங்கும் உள்ள முறைகளில் ஒன்று ஈரத் திரி: குழாயில் சுற்றிய துணியின் நுனிகள் குடுவைத் தண்ணீரில் கிடக்கும், துணி எப்போதும் ஈரமாக இருந்து உப்பைப் பிடிக்கும். காற்று வலுத்தால் திரியில் உப்பு கூடும். பாம்பன் பாலத்து இரும்பிலும் அப்படியே கூடும். காற்றில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை விட, இரும்புக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதே அங்கே கேள்வி. கன்னியாகுமரியிலும் முட்டத்திலும் கடலைப் பார்த்த ஜன்னல் கம்பி, வீட்டின் பின்பக்கக் கம்பியை விட முன்னதாகத் துருப்பிடிப்பதும் இதே கணக்கில்தான்.