சுத்த மத்யமம் கேட்ட வித்வானும் செய்துகொடுத்த ஆச்சாரியும்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் ரயில் பாதையில், ஆடுதுறைக்கு அடுத்த ஊர் நரசிங்கம்பேட்டை. வயல்கள் சூழ்ந்த இந்தச் சிற்றூரில் ஆச்சாரிகள் தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் கடைந்து வருகிறார்கள். இன்று கோயிலிலும் கல்யாணத்திலும் நாம் கேட்கும் பாரி நாகஸ்வரம் செம்மையானது இங்கேதான்.

அதற்கு முன் கோலோச்சியது திமிரி நாகஸ்வரம். நீளம் குறைவு, சுருதி உயரம்: 4, 5 கட்டை. சுவாமி புறப்பாட்டில் நாலு தெருவுக்கும் கேட்கும். ஆனால் சுத்த மத்யமம், அதாவது இரண்டு 'ம' ஸ்வரங்களில் கீழானது, அதில் துல்லியமாகப் பேசாது. மூச்சைக் கூட்டிக் குறைத்து, விரலால் சரிக்கட்டி வித்வான்கள் வாசித்தார்கள். கேட்டவர்களும் அதற்குப் பழகிப்போனார்கள். ஆனால் இது சின்னக் குறையல்ல. 72 மேளகர்த்தா ராகங்களில் முதல் 36-க்கும் சுத்த மத்யமம்தான். தோடி, கரகரப்ரியா, சங்கராபரணம் எல்லாம் அந்தப் பாதியில் வருகின்றன.

பக்கத்து ஊரான திருவாவடுதுறையில் ஒருவர் அப்படிப் பழகிப்போக மறுத்தார். அவர் நாகஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). முதலில் வாய்ப்பாட்டு கற்றவர் என்பதால், தொண்டையில் வரும் ஸ்வரம் குழலிலும் வரவேண்டும் என்று எதிர்பார்த்தார். தோடி என்றாலே அவர் பெயரைச் சொல்லும் அளவுக்குப் புகழ் வந்த பிறகும், கருவியின் குறையைத் தன் திறமையால் மூடிவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

அவர் கேட்டதைச் செய்துகொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி. வேலை எளிதல்ல. துளை இம்மி மேலே ஏறினாலும் ஸ்வரம் ஏறிவிடும். ஒரு ஸ்வரத்தைத் திருத்தப் போனால் இன்னொன்று பிசகும். குழலின் நீளம், உள்கூட்டின் விரிவு, துளைகளின் இடைவெளி எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டும். ஒத்துவந்தபோது, இரண்டு, இரண்டரைக் கட்டையில் நின்று பேசும் பாரியில் சுத்த மத்யமம் சுத்தமாகவே ஒலித்தது.

அந்தக் கறார் மரத்திலேயே தொடங்குகிறது. உலவு என்னும் குழலுக்கு ஆச்சா மரம்தான். அதுவும் புதிதாக வெட்டியது ஆகாது. பழைய வீடுகளில் பல பத்தாண்டுகள் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து, ஈரமெல்லாம் வற்றிய மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். பச்சை மரம் பின்னால் வெடிக்கும், வளையும், சுருதி போய்விடும். கடைசலில் உருட்டி, உள்ளே துளையிட்டு, விரல் வைக்க ஏழு துளைகள் போடுகிறார்கள். கீழே இருக்கும் ஐந்து துளைகளில் விரல் படாது. அவை சுருதியைச் சீராக்க. அடியில் பொருத்தும் அணசுக்கு வாகை மரம். இவ்வளவும் முடிந்தபின் ஒரு வித்வான் ஊதிப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது நாகஸ்வரம்.

2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் பழைய ஆச்சா மரம் அரிதாகிவருகிறது. டெல்டாவில் பாட்டன் காலத்து வீட்டைப் பிரிப்பவர்கள், உத்தரத்தையும் தூணையும் விறகுக் கடைக்கு எடை போடுவதற்கு முன் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.