கொல்லிமலை வேட்டையும் குறி பார்க்கும் கண்ணாடியும்

கொல்லிமலை என்றாலே முதலில் வருகிற பெயர் வல்வில் ஓரி. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அவன் வேட்டையைப் பாடுகிறார். ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் வீழ்த்தி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். புலவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார், அது இருக்கட்டும். அந்தப் பாட்டில் இருப்பது வில், அம்பு, வேட்டுவனின் கண், அவ்வளவுதான். பிற்காலத்தில் மலையில் வில் போய்த் துப்பாக்கி வந்தது. ஆனால் குறி பார்ப்பது மட்டும் வெறுங்கண்ணோடே நின்றுவிட்டது. ஸ்கோப் என்கிற குறிநோக்கி அரியூர் நாடு, வளப்பூர் நாடு பக்கமெல்லாம் ஏன் வரவே இல்லை? காசு இல்லாததாலா? அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் துப்பாக்கியைப் பார்த்துவிடலாம். மலையில் புழங்கியது நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, துணியோ நாரோ வைத்து இடித்து, மேலே ஈயக் குண்டோ சைக்கிள் பால்ரஸோ போட்டு வெடிப்பது. கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கலவை. இந்தக் குழலின் உட்புறம் வழவழவென்று இருக்கும். ரைபிளிலோ குழலுக்குள் திருகுவரி வெட்டியிருப்பார்கள். அந்த வரிதான் குண்டைச் சுழற்றி நேராகப் போக வைக்கிறது. சுழலாத குண்டு முப்பது நாற்பது மீட்டர் தாண்டினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதன் மேல் எவ்வளவு உசத்தியான கண்ணாடியை வைத்தாலும் பயன் இல்லை. கண் பார்க்கிற இடத்துக்குக் குண்டு போனால்தானே!

வெளியே உலகத்தில் கதை வேறு மாதிரி போனது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸ் ஊரில் வில்லியம் மால்கம் என்பவர் 1855 வாக்கில் ரைபிளுக்கென்றே தொலைநோக்கிக் குழாய் செய்து விற்கத் தொடங்கினார். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் குறிபார்த்துச் சுடுபவர்களிடம் இப்படிப்பட்ட குழாய்கள் இருந்தன. ஆனாலும் நல்ல குறிநோக்கி ரொம்ப நாளைக்கு வசதியானவர்களின் பொருளாகவே இருந்தது. அதை மாற்றியவர் வீவர். 1930இல் 330 என்ற மாடலை 19 டாலருக்கு விற்றார். மூன்று மடங்குக்கும் குறைவான உருப்பெருக்கம், மெல்லிய குழாய், ஆடம்பரம் கிடையாது. சாதாரண வேட்டைக்காரன் கைக்கு ஸ்கோப் வந்தது அப்போதுதான்.

குறைந்த காசில் நல்லது எது என்ற கேள்விக்கான விடையும் அங்கேயே இருக்கிறது. உருப்பெருக்கத்துக்குக் காசு கொடுப்பதை விட வெளிச்சத்துக்குக் கொடுப்பதே மேல். கணக்கைப் பாருங்க. முகப்பு லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 4 மடங்கும் 32 மில்லிமீட்டரும் என்றால் 8 மி.மீ. அதே லென்ஸில் 12 மடங்கு வைத்தால் 3 மி.மீ.க்கும் கீழே போய்விடும். இருட்டில் இளைஞனின் கண்பாவை 7 மி.மீ. வரை விரியும், வயதானால் 5 மி.மீ. தான். ஆக அந்தி நேரத்தில் 12 மடங்கு ஸ்கோப்பில் மங்கலாகத்தான் தெரியும்.

அடுத்தது லென்ஸ் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போச்சு. இதற்குத் தீர்வாக ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா 1935இல் பூச்சு முறையைக் கண்டுபிடித்தார். மூன்றாவது பனி. 1947இல் லியூபோல்ட் நிறுவனம் குழாய்க்குள் நைட்ரஜனை அடைத்து மூடியது. உள்ளே ஈரம் இல்லாததால் கண்ணாடி உட்புறம் பனிக்காது. ஆயிரம் மீட்டருக்கு மேலே, மேகம் வாசலில் வந்து நிற்கிற கொல்லிமலை மாதிரி இடத்துக்கு முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வேண்டாத உருப்பெருக்கம், ஒளிரும் குறி, ஏகப்பட்ட திருகுகள் எல்லாம் விலையைத்தான் ஏற்றும்.

நம்ம பக்கத்தில் பேர்பெற்ற வேட்டைக்காரர்களும் ஸ்கோப்பை நம்பி இருக்கவில்லை. பழைய சேலம் மாவட்டத்துக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். ராத்திரி வேட்டைக்குத் துப்பாக்கியோடு டார்ச் லைட்டைப் பொருத்திக்கொள்வார். அடர்ந்த புதரில் இருபது முப்பது மீட்டரில் சுடுகிறவனுக்குத் தேவைப்பட்டது வெளிச்சம்தான், தூரம் இல்லை.

இனி சட்டம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1959இல் புதிய சட்டம் வந்தபோதும் உரிமம் என்கிற நிபந்தனை நீடித்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 1991 திருத்தம் விளையாட்டு வேட்டைக்கு இருந்த மிச்ச வாசலையும் அடைத்தது. ஆக, நல்ல ரைபிளும் கண்ணாடியும் மலைவாசிக்கு எட்டும் விலைக்கு வந்திருக்கக்கூடிய காலத்தில் வேட்டையே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. முன்பு சொன்ன மீதிப் பாதி இதுதான்.

இன்றைக்கு இந்தியாவில் சாதாரண ஆள் ஸ்கோப் வாங்குகிறார் என்றால் அது பெரும்பாலும் ஏர் ரைபிளுக்கு. 2016 ஆயுத விதிகள்படி .177 அளவுக்குள், 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பிரிங் ஏர் ரைபிள் சுடும்போது முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் அதிரும். பெரிய ரைபிளின் உதைப்பைத் தாங்கும் ஸ்கோப் கூட இதில் உடைந்துபோகலாம். அதனால் ஏர் கன்னுக்கென்றே செய்த, பத்து மீட்டரிலும் தெளிவாகக் காட்டுகிற ஸ்கோப்தான் வாங்கணும். அதை வைத்துக் காடை, கௌதாரி, புறா, முயல் சுடுவது குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அட்டையில் வட்டம் போட்டுச் சுடுங்க, அதுவே நல்ல விளையாட்டு.

மலையில் இருப்பவருக்கோ இது விளையாட்டு விஷயம் இல்லை. மரவள்ளியும் வாழையும் போட்டவர் ராத்திரி காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிறார். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டால் வழக்கு. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும். சமவெளி விவசாயிக்கு இது உதவும். காப்புக்காடு சூழ்ந்த மலை நாடுகளில் 3 கிலோமீட்டர் என்ற கோட்டுக்கு அப்பால் எத்தனை வயல் இருக்கும் என்று வரைபடத்தை வைத்துப் பார்த்தாலே புரியும். ஓரியைப் பாடிய பாட்டுக்காக ஆடி மாதம் விழா எடுக்கிற நாம், அவன் மலையில் பயிர் வைத்திருப்பவனின் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.