விம்கோவுக்கு ஈடுகொடுத்த சிவகாசி

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து 1923-ல் ஆலை தொடங்கினார்கள். அதே ஆண்டில்தான் ஸ்வீடன்காரர்களின் விம்கோ நிறுவனமும் இந்தியாவில் கால் வைத்தது. சென்னையின் விம்கோ நகர் அதன் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவ்வளவு பெரிய முதலாளியோடு மோதிய கைத்தொழில் எப்படிப் பிழைத்தது?

மழை பொய்க்கும் கரிசல் பூமி உழவரை வாட்டியது. தீக்குச்சி காய அதே வெயில் இலவசமாகக் கிடைத்தது. கேரளத்து மரத்தில் சீவிய குச்சிகளைச் சட்டங்களில் ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். நுனியை முதலில் மெழுகில் தோய்ப்பார்கள், பிறகு மருந்தில். மெழுகு இல்லாவிட்டால் மருந்து குப்பென்று எரிந்து அணைந்துவிடும், குச்சி பற்றாது. இந்த வேலைகளுக்குப் பெரிய இயந்திரம் தேவைப்படவில்லை. பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்கே போனது. கையில் கொஞ்சம் பணமும் தொழில் தெரிந்த ஆட்களும் இருந்தால் சாத்தூரிலோ கோவில்பட்டியிலோ ஒருவர் தனியாகத் தொழில் தொடங்கிவிட முடிந்தது.

பணத்துக்கும் வழி இருந்தது. வணிகர்கள் மகமை என்ற பெயரில் பொதுநிதி சேர்த்துப் பழகியவர்கள். 1921-ல் தூத்துக்குடியில் பிறந்த நாடார் வங்கிதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகங்கள் வந்தன. பின்னாளில் நாடெங்கும் போன காலண்டர்களுக்கு அவையே அடித்தளம். மருந்து கையாளத் தெரிந்த கைகள் பட்டாசுக்கும் போயின. ஒரு தொழில் படுத்தால் இன்னொன்று ஊருக்குச் சோறு போட்டது.

இவை எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது வரிதான். 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பின் சிறிய ஆலைகளுக்கு அதில் சலுகை விரிந்தது. பெரிய ஆலைகளோடு இருந்த அந்த வரி இடைவெளி இல்லாமல் கைத்தொழில் விலையில் நின்றிருக்க முடியாது. ஆனால் சலுகை வரம்பைத் தாண்டாமலிருக்க ஒரே ஆலையைப் பல பெயர்களில் பிரித்துக் காட்டும் பழக்கமும் அதனால்தான் வேரூன்றியது.

இந்த வெற்றிக்குக் குழந்தைகளின் விரல்களும் உழைத்தன. அதை மறைத்துச் சிவகாசியின் கதையைச் சொல்வது அநியாயம். 1996-ல் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் சிறுவர்களை வைத்திருந்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிவகாசியைப் பற்றிய வழக்கு அது.

2020-ல் கையால் செய்த பெட்டிக்கும் இயந்திரப் பெட்டிக்கும் ஒரே ஜிஎஸ்டி விகிதம் வந்தது. மூலப்பொருள் விலையும் ஏற, உற்பத்தியாளர் சங்கங்கள் கூடிப் பேசின. 2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது.