சிலுவைப் போர் மரபும் வட இலங்கையும்: வன்னியிலிருந்து ஒரு நோக்கு

ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோயில் பற்றி ஊரில் வழங்கும் கதை பலரும் அறிந்ததே. அறுவடையின் பின் நின்ற ஒட்டினை உழவன் ஒருவன் சுட்டபோது இலிங்கம் வெளிப்பட்டது என்பர். அதே ஊரில், மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து ஆவணித் திருவிழாவுக்குப் புறப்படும் சைவக் குடும்பங்களும் உண்டு. இவ்விரண்டும் அம்மக்கள் மனத்தில் முரண்படுவதில்லை. ஆனால் யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சி பற்றி எழுதப்பட்டவற்றை நோக்கின் இந்த இணக்கத்தைக் காண்பது அரிது. சைவச் சார்பினர் அதனை ஒரு மதம் மற்றொன்றை அழித்த கதையாக எழுதினர். கத்தோலிக்கச் சார்பினர் வேதசாட்சிகளின் குருதி ஈற்றில் வென்ற கதையாக எழுதினர். கடலேறி வந்தது மதம் என்பதில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபட்டனர். அந்த உடன்பாட்டையே நாம் இங்கு பரிசீலிக்க விழைகின்றோம்.

1095ஆம் ஆண்டிலே கிளெர்மொன் நகரில் பாப்பரசர் இரண்டாம் ஏர்பன் விடுத்த அழைப்புடன் சிலுவைப் போர்கள் தொடங்கின. போருக்குச் செல்வோர்க்குப் பாவத் தண்டனை நீங்கும் என்னும் வாக்குறுதி, வாளேந்துவதையே தவமாக்கிற்று. நிலமானிய ஐரோப்பாவில் திருச்சபையே பெரும் நிலவுடைமையாளராகவும் இருந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1099இல் யெருசலேம் வீழ்ந்தது. எனினும் இப்போர்களின் உள்ளியல்பை விளக்குவது 1204ஆம் ஆண்டேயாகும். கப்பற் கூலியாக வெனிஸ் வணிகர்க்குத் தரவேண்டிய தொகையைச் செலுத்த இயலாத படையினர், முதலில் ஸாரா என்னும் கிறித்தவ நகரையும், பின்னர் கொன்ஸ்தாந்திநோப்பிளையும் தாக்கிக் கொள்ளையிட்டனர். கடன் திசையைத் தீர்மானித்தது. சிலுவை கொடியில் இருந்தது.

1291இல் ஆக்கர் வீழ்ந்ததோடு இம்மரபு முடிந்துவிட்டதாகப் பாடநூல்கள் கூறும். போர்த்துக்கலில் அது முடியவில்லை. 1312இல் தெம்பிளர் சபை கலைக்கப்பட்டபோது அந்நாட்டிலிருந்த அதன் உடைமைகள், 1319இல் நிறுவப்பட்ட கிறிஸ்து சபைக்குச் சேர்ந்தன. ஆபிரிக்கக் கரையோரக் கடற்பயணங்களை ஊக்குவித்த இளவரசர் ஹென்றி அச்சபையின் ஆளுநர். கடல்கடந்த நாடுகளை வெல்லும் உரிமையைப் போர்த்துக்கல் மன்னனுக்குப் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் 1455ஆம் ஆண்டு ஆணையால் வழங்கினார். அடுத்த ஆண்டில் அந்நாடுகளின் ஆன்மிக அதிகாரம் கிறிஸ்து சபைக்கு அளிக்கப்பட்டது. மேற்றிராணிமாரைப் பிரேரிக்கும் உரிமையும் கோயில்களைப் பேணும் கடமையும் நாளடைவில் அரசனைச் சேர்ந்தன. இந்த ஏற்பாடே பதுறுவாதோ எனப்பட்டது. போர்த்துக்கீசக் கப்பற் பாய்களில் எழுதப்பட்ட செஞ்சிலுவை இச்சபையின் சின்னமே. மன்னார்க் கடலில் அப்பாய்களைக் கண்ட மீனவர், நானூறு ஆண்டுப் பழைமையுடைய போர் ஒன்றன் கொடியைக் கண்டனர் எனில் அது மிகையன்று.

1544இல் மன்னாரில் மதம் மாறியோரில் ஏறத்தாழ அறுநூறு பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். இதனை மதவெறி எனத் தள்ளுவதும், நாட்டுப்பற்று எனப் போற்றுவதும் ஒருசேர எளிய வழிகள். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கல் மன்னனின் பாதுகாப்பையும் உடன் பெற்றனர் என்பதைச் சங்கிலி அறியாதிருந்திருப்பான் எனக் கொள்வதற்கில்லை. மன்னார்க் கரை அவன் அரசுக்கு வருவாய் தந்த கரை. மதமாற்றம் அவன் கண்ணில் குடிமாற்றமாகவே தோன்றியிருத்தல் வேண்டும். ஆயின், வாளுக்கு இரையானோர் அரசியல் நடத்தியவர் அல்லர். கடலை நம்பிப் பிழைத்த ஏழைகள். மன்னனின் நியாயத்தை விளங்கிக்கொள்ளுதல் அவனை விடுவிப்பதாகாது.

இக்கொலைக்குப் பழிவாங்கப் படை அனுப்புமாறு பிரான்சிஸ் சவேரியார் வற்புறுத்தினார். 1545இல் நாகபட்டினத்திற் காத்திருந்தார். படை புறப்படவில்லை. பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கீசக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்ட, சரக்கு மன்னன் வசமாயிற்று. அதனை மீட்கும்வரை அவனைப் பகைக்க அதிகாரிகள் விரும்பவில்லை. வெனிஸ் கடனை நினைவூட்டும் நிகழ்ச்சி இது.

இவ்விடத்தில் நின்றுவிட்டால் எமது ஆய்வு சுலபமாக முடிந்துவிடும்: மதம் போர்வை, வணிகமே உண்மை. நம்மிற் பலர் அவ்வாறே எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் 1560ஆம் ஆண்டு வேறொன்றைக் கூறுகின்றது. அவ்வாண்டு அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாணத்தைத் தாக்கியபோது, புத்தரின் தந்தம் எனக் கருதப்பட்ட ஒரு பொருள் அவன் கைக்கு வந்தது. பெகு மன்னன் அதற்கு ஈடாகப் பெரும் பொருள் தர முன்வந்தான். கோவாவின் கருவூலம் வறண்டிருந்தது. படைத்தலைவர்கள் விற்கலாம் என்றனர். அதிமேற்றிராணியார் கஸ்பார் மறுத்தார். தந்தம் உரலிலிட்டு இடிக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, சாம்பல் ஆற்றில் வீசப்பட்டது. பதினாறு ஆண்டுகளின் முன் சரக்குக்காகப் போரைத் தள்ளிவைத்த அதே அதிகாரம், இப்போது கோட்டைகளுக்கு உதவக்கூடிய செல்வத்தை உதறிற்று. கருத்துநிலை பொருளியல் அடித்தளத்தில் முளைப்பினும், முளைத்தபின் தனக்கென ஒரு வலிமை பெற்றுவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எமது வரலாற்றில் இல்லை எனலாம்.

1619இல் பிலிப் த ஒலிவேறா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் இவ்விரு வலிமைகளும் ஒரே நிர்வாகமாயின. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. குருமாரின் கோயிற்பற்றும் வரியறவிடுவோரின் தோம்பும் ஒரே குடியைப் பதிந்தன. இலக்கியத்திலும் இதன் தடத்தைக் காணலாம். 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானையை இயற்றினார். கிளாலிக் கோயிலிற் குடிகொண்ட இந்த யாகப்பரே, ஸ்பானியாவில் வெண்குதிரையேறி மூர்களை வெட்டுபவராக வணங்கப்பட்ட போர்ப் புனிதர். அவர் தமிழில் புகுந்தது பெண்கள் அம்மானையாடிப் பாடும் வடிவத்தில் என்பது எமக்கு மிகுந்த சுவை பயக்கும் செய்தி. வெற்றிகொண்டவரின் வீரரை வெல்லப்பட்டவர் தம் மகளிர் விளையாட்டுக்குள் இழுத்துக்கொண்டனர்.

கிளாலியின் எதிர்க்கரை வன்னிப் பெருநிலம். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலிய வன்னிமைகளிடம் போர்த்துக்கீசர் முதன்மையாக வேண்டியது யானை; திறையும் யானையாகவே கேட்கப்பட்டது. கோட்டையும் நிலையான வரிப்பதிவும் ஊன்றாத இக்காட்டில் திருச்சபையின் ஆணையும் மெலிந்தே ஒலித்தது. (1803இல் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் பண்டாரவன்னியனை ஆங்கிலப் படை எதிர்கொண்டபோது சிலுவையின் பேச்சே எழவில்லை. வரி தன் சொந்தப் பெயரிலேயே வந்தது.)

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாகியதும் காட்சி தலைகீழாயிற்று. அவர்களும் கிறித்தவரே, ஆயினும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர், குருமார்க்குப் புகலிடம் கொடுப்பது கொலைத்தண்டனைக்குரியதாயிற்று. 1670 அளவில் மாந்தையைச் சேர்ந்த சில குடும்பங்கள் தம் மாதா சொரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக்காட்டினுள் புகுந்து மருதமடுவில் தங்கின. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார், இரவலர் கோலத்தில், படையும் பதுறுவாதோவின் பலமும் இன்றி யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் கண்டியின் பௌத்த மன்னனது ஆதரவில் பணியாற்றி 1711இல் மறைந்தார். இன்று வட இலங்கையில் வாழும் கத்தோலிக்கம் ஒலிவேறாவுக்குக் கடன்பட்டதிலும் பார்க்க இக்காட்டுக்கும் இவ்விரவலருக்கும் கடன்பட்டது மிகுதி என்பது எமது துணிபு. ஒட்டுசுட்டானின் சைவர் மடுவுக்கு நேர்த்தி வைப்பதும் இதனாலேயே விளங்குகிறது. அவர்களின் மூதாதையர் அறிந்த மாதா, கோட்டையிலிருந்து ஆண்டவள் அல்லள். காட்டில் அடைக்கலம் கேட்டு வந்தவள். 2008 ஏப்பிரலில் போர் மடுவை நெருங்கியபோது அச்சொரூபம் மீண்டும் இடம்பெயர்ந்தது. குருமார் அதனைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்று, அவ்வாண்டு ஓகஸ்டில் திரும்பக் கொணர்ந்தனர்.