புண் ஆறினால் போதுமா?

நான் மருத்துவன் அல்லன்; பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும், இடரை அளப்பது பற்றியே பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் என்ற முறையில், குடல் மருத்துவத்தில் உருவாகிவரும் ஓர் அளவீடு என் கவனத்தை ஈர்க்கிறது.

குடலின் உட்புறத்தைப் போர்த்தியிருப்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள். சில நாள்களுக்கு ஒருமுறை அவை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. நீரையும் சத்துகளையும் உள்ளே விட்டு, நுண்ணுயிர்களைத் தடுத்து நிறுத்துவது இந்த மெல்லிய அரண்தான். கிரோன் நோயிலும் பெருங்குடல் புண் அழற்சியிலும் இது பழுதடைகிறது. சிகிச்சைக்குப் பின் வழக்கமான கொலோனோஸ்கோபியில் குடல் ஆறிவிட்டதாகத் தெரியும். இருந்தும் சிலருக்கு நோய் திரும்புகிறது. யாருக்குத் திரும்பும், யாருக்கு மருந்தைக் குறைக்கலாம் என்பதே கேள்வி.

இதற்கு விடை தேட உதவுவது கன்ஃபோகல் லேசர் நுண்நோக்கி. இதன் அடிப்படைத் தத்துவத்துக்கு 1957-இல் காப்புரிமை கோரியவர், செயற்கை நுண்ணறிவு ஆய்வால் புகழ்பெற்ற மார்வின் மின்ஸ்கி. பரிசோதனையின்போது ஃபுளோரசீன் என்னும் சாயத்தை ஊசி மூலம் ரத்தத்தில் செலுத்துவார்கள். நீல லேசர் ஒளி பட்டதும் அது ஒளிரும். ஏறத்தாழ 1,000 மடங்கு பெரிதாக்கிய படத்தில், செல்கள் உதிர்ந்த இடைவெளிகள் வழியே சாயம் குடலுக்குள் கசிவதை அப்போதே காணலாம். வெட்டியெடுத்த திசுவில் இந்தக் கசிவைக் காண இயலாது; உயிருள்ள குடலில் மட்டுமே அது புலப்படும்.

ஜெர்மானிய மருத்துவர் ரால்ஃப் கீஸ்லிச் உள்ளிட்டோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் தணிந்திருந்த 58 பேர் ஓராண்டு கண்காணிக்கப்பட்டனர். நோய் திரும்பியவர்களில் 62.5 சதவீதத்தினரையும், திரும்பாதவர்களில் 91.2 சதவீதத்தினரையும் இந்தச் சோதனை சரியாக முன்னுரைத்தது. இவ்விரு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். கசிவு தென்பட்டால் அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தலாம். தென்படவில்லை என்பதற்காக முழு நிம்மதி கொள்ள இயலாது. நோய் திரும்பியவர்களில் மூன்றில் ஒருவருக்கும் அதிகமானோர் இதன் கண்ணுக்குத் தப்பியவர்களே.

எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 181 நோயாளிகளிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. கண்ணுக்குத் தெரியும் புண் ஆறுவதையும், திசுச் சோதனையில் அழற்சி நீங்குவதையும் விட, அரண் சீரடைந்திருப்பதே நோயின் போக்கைச் சிறப்பாகக் கணிக்கிறது என்றது அது.

கருவியின் விலையும், அதைக் கையாளத் தேவைப்படும் பயிற்சியும் இம்முறை பரவலாவதற்குத் தடைகள். ‘குடல் கசிவு’ என்ற பெயரைச் சொல்லி விற்கப்படும் பொடிகளுக்கு இந்த ஆய்வுகள் சான்றும் அல்ல. ஆனால் இவை உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு: வலி நின்றது என்பது வேறு, அரண் மீண்டது என்பது வேறு. அறிகுறி மறைந்ததுமே மருந்தைத் தாமாக நிறுத்திவிடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.