சின்னக் காயம்தானே என்று பேண்ட்-எய்டு ஒட்டுகிறீர்களா? அதற்கு முன் இதைப் படிங்க

காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டால், நாம் முதலில் தேடுவது பேண்ட்-எய்டைத்தான். சில வீடுகளில் அதற்குள் மஞ்சள் தூளோ, காபித் தூளோ காயத்தில் ஏறியிருக்கும். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம்: பேண்ட்-எய்டு காயத்தை மூடும், சுத்தம் செய்யாது.

இது எதற்காக வந்தது?

பேண்ட்-எய்டு என்பது ஒரு பிராண்ட் பெயர். 1920-ல் அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊழியர் ஏர்ல் டிக்சன், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட மனைவிக்காக இதை உருவாக்கினார். ஒட்டும் டேப், நடுவில் துணிப்பட்டை. அவ்வளவுதான். இன்றும் அதன் வேலை அதே மாதிரிச் சின்ன வெட்டு, சிராய்ப்புகளுக்குத்தான்.

எப்படி ஒட்டணும்?

- முதலில் உங்கள் கையை சோப்பு போட்டுக் கழுவுங்க.
- ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடிங்க. நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.
- காயத்தைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்க. மண், தூசி இருக்கக் கூடாது. கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் தோலுக்குத்தான் பாதிப்பு.
- சுற்றியுள்ள தோலைத் துடைத்து உலர்த்திய பிறகு ஒட்டுங்க. விரலைச் சுற்றி இறுக்க வேண்டாம்.
- தினமும் ஒருமுறை மாற்றுங்க. நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே மாற்றணும்.

காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறாதா?

பலரும் அப்படித்தான் நம்புகிறோம். ஆனால் மூடி ஈரப்பதத்துடன் வைத்த காயத்தில் புதுத் தோல் வேகமாக வளர்கிறது என்பதை 1962-லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் நடத்திய சோதனையில் காட்டிவிட்டார். லேசான சிராய்ப்பைத் திறந்து விட்டாலும் தவறில்லை.

எப்போது பேண்ட்-எய்டு போதாது?

*ஆணி, முள் ஆழமாகக் குத்தினால்:* வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். ஆனால் மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் டெட்டனஸ் கிருமி, காற்றுப் புகாத ஆழமான காயத்தில்தான் வளரும். கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள் என்பது நினைவில்லை என்றால் டாக்டரைப் பாருங்க.

*நாய், பூனை, குரங்கு கடித்தால், பிறாண்டினால்:* இங்கே பேண்ட்-எய்டே வேண்டாம். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதையும் தடவாதீங்க. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்க. ரத்தம் வராத கீறலுக்கும் ரேபிஸ் தடுப்பூசி தேவை. ரத்தம் வந்திருந்தால் அதோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. இந்தியாவில் ரேபிஸால் ஆண்டுக்கு சுமார் 5,700 பேர் இறப்பதாக 2025-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு மதிப்பிடுகிறது. அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது. ஆனால் அதற்கு முன்பே தடுப்பூசியை முழுத் தவணையும் முறையாகப் போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம்.

*சர்க்கரை நோயாளிகளின் கால் காயம்:* வலி தெரியாமலே பெரிதாகலாம். சின்னதாக இருக்கும்போதே டாக்டரிடம் காட்டிடுங்க.

*மற்றவை:* அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, வாய் பிளந்த வெட்டு, சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல். இதில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

அடுத்த முறை பேண்ட்-எய்டைப் பிரிக்கும் முன் இரண்டு கேள்வி கேட்டுக்கோங்க: காயத்தைக் கழுவிட்டேனா? இது எதனால் வந்த காயம்?